முயல் காவலருக்கு எதற்கு முக்கோண வீடு?

இங்கிலாந்தின் நார்தாம்ப்டன்ஷயரில், ரஷ்டன் ஹால் மாளிகைத் தோட்டத்தின் ஓரத்தில் ஒரு சின்னக் கட்டடம் இருக்கிறது. பெயரே 'ட்ரையாங்குலர் லாட்ஜ்'. தோட்டத்தில் வளர்த்த முயல்களைப் பார்த்துக்கொள்ளும் காவலருக்காகக் கட்டப்பட்டது.

முயல் காவலருக்கு இவ்வளவு அலங்காரமா என்று கேட்கத் தோன்றும். எண்ணிப் பாருங்கள். மூன்று சுவர், மூன்று தளம். ஒவ்வொரு சுவரிலும் தளத்துக்கு மூன்று ஜன்னல், உச்சியில் மூன்று முக்கோண முகப்பு. ஒரு சுவரின் நீளம் 33 அடி 4 அங்குலம். மூன்றையும் கூட்டினால் சரியாக 100 அடி. சுவரைச் சுற்றி ஓடும் லத்தீன் வாசகத்தில் பக்கத்துக்கு 33 எழுத்து. புகைபோக்கிகூட மூன்று பக்கம்தான்! உள்ளே மட்டும் நடுவில் அறுகோண அறை. மிச்சமான மூலைகளில் ஒன்றில் படிக்கட்டு.

காரணம், கட்டிய சர் தாமஸ் ட்ரெஷாம் ஒரு கத்தோலிக்கர். எலிசபெத் ராணி காலத்தில் அது ஆபத்தான விஷயம். 1581 சட்டப்படி, அரசுத் திருச்சபை வழிபாட்டுக்குப் போகாவிட்டால் மாதம் 20 பவுண்ட் அபராதம். ட்ரெஷாம் போகவில்லை. சிறை, வீட்டுக்காவல் என்று சுமார் 15 ஆண்டுகள் கழிந்தன. 1593-ல் வெளியே வந்ததும் இந்த வேலையைத் தொடங்கினார். முடிய 1597 ஆனது.

பிதா, சுதன், பரிசுத்த ஆவி என்ற திரித்துவத்தை அவர் கல்லில் எழுதிவிட்டார். கத்தோலிக்க நம்பிக்கையை வெளிப்படையாகக் கடைப்பிடித்தால் வழக்கு. முயல் வீட்டின் ஜன்னலை எண்ணி யார் வழக்குப் போடுவது? இதில் கொஞ்சம் குறும்பும் உண்டு. லத்தீனில் 'ட்ரெஸ்' என்றால் மூன்று. மனைவி கடிதங்களில் அவரைக் கூப்பிட்ட செல்லப்பெயரும் அதுதான். வாசலுக்கு மேலே மூவரின் சாட்சியைச் சொல்லும் பைபிள் வாசகம்; அது தொடங்குவதும் அதே சொல்லில்தான். கடவுளையும் தன்னையும் ஒரே கல்லில் பொறித்துக்கொண்டார் மனுஷன்.

அப்பா பூடகமாகச் சொன்னார். மகனுக்கு அந்தப் பொறுமை வாய்க்கவில்லை. ட்ரெஷாம் இறந்தது 1605 செப்டம்பரில். இரண்டே மாதத்தில், நாடாளுமன்றத்தை வெடிவைத்துத் தகர்க்கப் போட்ட சதியில் மகன் பிரான்சிஸ் கைதானார். டிசம்பரில் லண்டன் டவர் சிறையிலேயே இறந்தார்.

கட்டடம் இப்போது இங்கிலிஷ் ஹெரிடேஜ் பராமரிப்பில் இருக்கிறது. போனால், உள்ளே நுழையும் முன் வெளியே ஒரு சுற்று நடந்து எண்ணிப் பாருங்கள்.