வீடு வாங்கப் போகிறீர்களா? உங்கள் வழக்கறிஞர் கடைசியாக எப்போது படித்தார்?

2023ஆம் ஆண்டு ஏப்ரல் 26ஆம் தேதி. இரவு நள்ளிரவை நெருங்கிக்கொண்டிருந்தது. நம்மில் பலர் உறங்கப் போயிருந்த அந்த வேளையில் அரசாங்கத்திடமிருந்து ஓர் அறிவிப்பு வந்தது. மறுநாள் காலை கண்விழித்தபோது, வீடு வாங்குவதற்கான கணக்கே மாறிப்போயிருந்தது. இரண்டாவது வீடு வாங்கும் சிங்கப்பூரர் செலுத்தவேண்டிய கூடுதல் முத்திரைத் தீர்வை 17 விழுக்காட்டிலிருந்து 20 விழுக்காட்டுக்கு உயர்ந்தது. வெளிநாட்டினருக்கு அது 30 விழுக்காட்டிலிருந்து இரு மடங்காகி 60 விழுக்காட்டைத் தொட்டது.

$1.5 மில்லியன் மதிப்புள்ள கூட்டுரிமை வீட்டை இரண்டாவது வீடாக வாங்கும் சிங்கப்பூரருக்கு அந்த ஓர் இரவின் விலை 45,000 வெள்ளி.

அறிவிப்பில் ஒரு சலுகையும் இருந்தது. நாம் ‘ஆப்ஷன்’ என்று சொல்லும் வாங்கும் உரிமைப் பத்திரத்தை ஏப்ரல் 26 அல்லது அதற்கு முன்பே பெற்றவர்கள், மே 17ஆம் தேதிக்குள் அதைப் பயன்படுத்தினால் பழைய விகிதத்தையே செலுத்தலாம். ஆனால், ஏப்ரல் 27 முதல் அந்தப் பத்திரத்தில் எந்த மாற்றமும் செய்திருக்கக்கூடாது.

ஒரு சூழலை எண்ணிப் பாருங்கள். ஏப்ரல் 20ஆம் தேதி ஆப்ஷன் வாங்கிய குடும்பம் ஒன்று, அறிவிப்பு வந்த மறுவாரம் அதில் ஒரு சிறு திருத்தம் கேட்கிறது. “அதற்கென்ன, செய்துவிடலாம்” என்கிறார் ஒரு வழக்கறிஞர். “தொடாதீர்கள், சலுகை போய்விடும்” என்கிறார் இன்னொருவர். இருவரும் ஒரே பட்டம் பெற்றவர்கள்தான். ஆனால் அந்த வாரம் வந்த விதிமுறையை நிதானமாகப் படித்தவர் ஒருவர் மட்டும்தான்.

படிப்பு முடிவதில்லை

பட்டம் வாங்கி, வழக்கறிஞராகப் பதிவு பெற்றதும் படிப்பு முடிந்துவிட்டது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். சிங்கப்பூரில் அப்படி இல்லை. வழக்கறிஞர்களுக்கான தொடர் நிபுணத்துவ மேம்பாட்டுத் திட்டம் 2012ஆம் ஆண்டில் கட்டாயமாக்கப்பட்டது. முதலில் இளம் வழக்கறிஞர்களுக்கும், பிறகு படிப்படியாக மூத்தவர்களுக்கும் அது விரிவுபடுத்தப்பட்டது. சிங்கப்பூர் சட்டக் கல்விக் கழகம் அதை நிர்வகிக்கிறது.

திட்டம் புள்ளிக் கணக்கில் இயங்குகிறது. பொதுவாக ஒரு மணி நேரக் கற்றலுக்கு ஒரு புள்ளி. ஐந்தாண்டுக்கும் குறைவான அனுபவம் உள்ளவர்களுக்கு ஆண்டுக்கு 16 புள்ளிகள் என்றும், அவற்றில் பாதி அங்கீகரிக்கப்பட்ட பொது வகுப்புகளிலிருந்து வரவேண்டும் என்றும் விதி வகுக்கப்பட்டது. அனுபவம் கூடியவர்களுக்கு 8 புள்ளிகள் என்று வகுக்கப்பட்டது. கணக்கு ஜனவரியில் தொடங்கி டிசம்பரில் முடியும். அதனால்தான் ஆண்டிறுதியில் வகுப்புகளைத் தேடி ஓடும் வழக்கறிஞர்களையும் பார்க்க முடிகிறது!

இங்கே நாம் கவனிக்கவேண்டிய ஒன்று உண்டு. அந்தப் புள்ளிகள் சொத்துச் சட்டத்தில்தான் பெறப்பட வேண்டும் என்பதில்லை. பெரும்பாலும் நடுவர் மன்றம், குடும்ப வழக்கு பற்றிய வகுப்புகளுக்குச் சென்றவரும் கணக்கை நிறைவு செய்தவராக இருக்கலாம். அதில் தவறு ஏதும் இல்லை. ஆனால் அவரிடம் நாம் வீட்டுப் பத்திரத்தைக் கொடுக்கும்போது, புள்ளிகள் நமக்கு எந்த உத்தரவாதமும் தருவதில்லை. கேட்டுத் தெரிந்துகொள்வது நம் பொறுப்பு.

நம் குடும்பங்களில் இது அடிக்கடி நடக்கும். “நம்ம மாமா மகள் லாயர்தானே, அவளிடமே கொடுத்துவிடுவோம்” என்போம். மாமா மகள் குற்றவியல் வழக்குகளில் கெட்டிக்காரியாக இருக்கலாம். இதய நோய்க்குக் கண் மருத்துவரிடம் போவோமா?

நேற்றைய யோசனை, இன்றைய வம்பு

சொத்துச் சட்டத்தில் பழைய அறிவுரைக்கு ஆயுள் குறைவு. சில எடுத்துக்காட்டுகள்.

சில ஆண்டுகளுக்கு முன்பு ‘99க்கு 1’ என்ற ஏற்பாடு கெட்டிக்காரத்தனமாகப் பேசப்பட்டது. வேறு வீடு இல்லாத ஒருவர் முழு வீட்டையும் வாங்குவார். பிறகு அதில் ஒரு விழுக்காட்டை, ஏற்கெனவே வீடு வைத்திருக்கும் மற்றவருக்கு விற்பார். கூடுதல் தீர்வை அந்த ஒரு விழுக்காட்டுக்கு மட்டுமே என்பது கணக்கு. தீர்வையைத் தவிர்க்கவே இப்படிச் செய்யப்பட்டது என்று தெரியவந்தால், உள்நாட்டு வருவாய் ஆணையம் முழுத் தீர்வையையும் வசூலிப்பதோடு, அதன்மேல் 50 விழுக்காடு கூடுதல் கட்டணமும் விதிக்கும். நண்பருக்குப் பலித்த யோசனை என்று பின்பற்றியவர்களுக்கு இது பேரிடி.

இன்னொன்று, விற்பனை. வாங்கிய தனியார் வீட்டை மூன்றாண்டு கழித்து விற்றால் விற்பவருக்கான முத்திரைத் தீர்வை இல்லை என்பது 2017 மார்ச் முதல் நமக்குப் பழகிப்போன கணக்கு. 2025 ஜூலை 4 முதல் வாங்கிய வீடுகளுக்கு அது நான்காண்டாகிவிட்டது. முதல் ஆண்டில் விற்றால் 16 விழுக்காடு, பிறகு 12, 8, 4 என்று குறையும்.

நீதிமன்றத் தீர்ப்புகளும் அறிவுரையை மாற்றுகின்றன. 1983ல் சான்சரி லேனில் ஒரு வீடு மனைவியின் பெயரில் மட்டும் வாங்கப்பட்டது. பல ஆண்டு கழித்துத் தம்பதியரிடையே தகராறு வந்து, வழக்கு மேல்முறையீட்டு நீதிமன்றம்வரை சென்றது. 2014ல் வந்த தீர்ப்பில், வீட்டில் மனைவிக்கு 15.83 விழுக்காடும் கணவருக்கு 84.17 விழுக்காடும் உரிமை உண்டு என்று முடிவானது. வாங்கியபோது யார் எவ்வளவு பணம் போட்டார் என்பதே அங்கு எடைபோடப்பட்டது. பத்திரத்தில் பெயர் இருந்தால் போதும் என்று நம்புவோருக்கு இது ஒரு பாடம். விவரமறிந்த வழக்கறிஞர், வாங்கும் நாளிலேயே “பணம் யார் போடுகிறீர்கள்? என்ன எண்ணத்தில் போடுகிறீர்கள்?” என்று கேட்டு எழுதி வைத்துக்கொள்வார். அந்தக் கேள்வி சங்கடமாக இருக்கலாம். பின்னாளில் உறவைக் காப்பாற்றுவதும் அதுதான்.

அப்பா பெயரையும் சேர்ப்போமா?

நம் வீடுகளில் எழும் மிக இயல்பான ஆசை இது. வீவக வீட்டில் இருக்கும் தம்பதியர் கூட்டுரிமை வீட்டுக்கு மாறுகிறார்கள். வீவக வீட்டை இன்னும் விற்கவில்லை. $1.5 மில்லியன் வீட்டுக்கு 20 விழுக்காடு, அதாவது 300,000 வெள்ளி கூடுதல் தீர்வையை முதலில் கட்டவேண்டும். தம்பதியரில் ஒருவராவது சிங்கப்பூரராக இருந்து, கட்டிமுடித்த வீட்டை வாங்கிய ஆறு மாதத்துக்குள் பழைய வீட்டை விற்றுவிட்டால், அந்தப் பணத்தைத் திரும்பக் கேட்கலாம்.

ஆனால் புதிய வீடு கணவன், மனைவி இருவர் பெயரில் மட்டுமே இருக்கவேண்டும். “அப்பா பெயரும் இருக்கட்டும், அவருக்கும் ஒரு மரியாதை” என்று பாசத்தோடு சேர்த்தால், திரும்பி வரவேண்டிய மூன்று லட்சம் வெள்ளி வராமல் போகலாம்.

பெயரை எப்படிச் சேர்க்கிறோம் என்பதும் முக்கியம். இணை உரிமையாக இருந்தால், ஒருவர் மறைந்ததும் அவர் பங்கு உயிரோடிருக்கும் மற்றவரைச் சேரும். உயிலில் பிள்ளைகளுக்கு என்று எழுதியிருந்தாலும் அது செல்லாது. தனித்தனிப் பங்குரிமையாக இருந்தால் அவரவர் பங்கை அவரவர் உயிலில் எழுதலாம். படிவத்தில் ஒரு கட்டத்தில் இடும் குறிதான். அதன் பொருளை விளக்க ஒரு வழக்கறிஞருக்குப் பத்து நிமிடம் போதும். அந்தப் பத்து நிமிடத்தை நாம் கேட்டு வாங்கவேண்டும்.

பணம் யாரிடம் இருக்கிறது?

ஒரு காலத்தில் வீடு வாங்குவோரின் பெருந்தொகை வழக்கறிஞர் அலுவலகத்தின் வாடிக்கையாளர் கணக்கில் கிடக்கும். அப்படிப்பட்ட பணத்தோடு வழக்கறிஞர்கள் தலைமறைவான சம்பவங்கள் நாட்டை உலுக்கின. 2011 ஆகஸ்ட் 1 முதல் விதிமுறை மாறியது. வீட்டுப் பரிவர்த்தனைப் பணத்தை, நியமிக்கப்பட்ட வங்கிகளில் உள்ள தனிக் கணக்கில் அல்லது சிங்கப்பூர் சட்டக் கழகத்திடம் வைக்கவேண்டும். ஒரே வழக்கறிஞரின் கையெழுத்தில் அந்தப் பணம் வெளியே வராதபடி ஏற்பாடு செய்யப்பட்டது. வாடிக்கையாளர்கள் இதை அறிந்திருப்பது அவர்களுக்கே பாதுகாப்பு. காசோலை எழுதும் முன், எந்தக் கணக்குக்கு எழுதுகிறோம் என்று கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

என்ன கேட்கலாம்?

பலர் ஆப்ஷன் பணத்தைக் கட்டிவிட்டுத்தான் வழக்கறிஞரைத் தேடுகிறார்கள். மறுவிற்பனைத் தனியார் வீட்டுக்கு அது வழக்கமாக விலையில் ஒரு விழுக்காடு. மனம் மாறினால் அந்தப் பணம் திரும்பாது. யார் பெயரில் வாங்குவது, எந்த வீட்டை முதலில் விற்பது என்ற முடிவுகளும் அதற்குள் எடுக்கப்பட்டுவிடுகின்றன. கட்டுவதற்கு முன்பே ஒருமுறை சந்தித்துவிடுவது நல்லது.

சந்திக்கும்போது கேட்க நான்கு கேள்விகள்:

* உங்கள் வேலையில் வீட்டுப் பரிவர்த்தனைகள் எவ்வளவு? கடைசியாகச் சொத்துச் சட்டம் பற்றி என்ன வகுப்புக்குச் சென்றீர்கள்?

* என் கோப்பைப் பார்க்கப்போவது நீங்களா, அலுவலக உதவியாளரா? சந்தேகம் வந்தால் உங்களிடமே பேச முடியுமா?

* எங்களிடம் ஏற்கெனவே உள்ள வீடு, குடியுரிமை, வயது ஆகியவற்றை வைத்து என்னென்ன தீர்வை வரும்? எது திரும்பக் கிடைக்கும்? அதற்குக் கடைசித் தேதி எது?

* எங்களில் ஒருவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் இந்த வீடு யாரைச் சேரும்?

நல்ல வழக்கறிஞர் இந்தக் கேள்விகளைக் கேட்டு முகம் சுளிக்கமாட்டார். “இதைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்” என்று அவர் சொன்னால், அதைக் குறையாக எண்ணவேண்டாம். விதிகள் ஒரே இரவில் மாறும் ஊரில், பார்த்துவிட்டுச் சொல்பவரே நம்பத்தக்கவர்.

கட்டணத்தில் இருநூறு, முந்நூறு வெள்ளி மிச்சம் பிடிக்கப் பல அலுவலகங்களுக்குத் தொலைபேசியில் அழைத்து விலை கேட்கிறோம். இருபது, இருபத்தைந்து ஆண்டு உழைப்பைக் கடனாக எழுதிக்கொடுக்கும் நாளில், அந்த அழைப்பில் இன்னொரு கேள்வியையும் சேர்த்துக் கேளுங்கள்: இந்த ஆண்டு என்ன படித்தீர்கள்?