டிராக்டர் பேட்டரி டவுன் ஆகாமல் காக்க வீட்டு சோலார் போதும்

கோடை மழை பெய்து, மண் சற்று உலர்ந்ததும் கரிசல் நிலத்தில் உழவுக்கேற்ற பதம் கூடும். முன்கூட்டியே இறங்கினால் மண் கலப்பையில் அப்பிக்கொள்ளும். நாள் கடந்தால் நிலம் இறுகிப் பாளம் பாளமாகப் பெயரும். இடையில் கிடைப்பது ஒரு சில நாட்களே. மானாவாரி விவசாயிக்கு அந்தச் சில நாட்களே பருவத்தின் பாதி. அந்த நேரத்தில், இரண்டு மாதமாகக் கொட்டகையில் நின்ற டிராக்டர் 'செல்ஃப்' எடுக்காமல் போனால், பேட்டரிக் கடைக்கு அலைவதிலேயே ஒரு நாள் கழியும். பக்கத்துத் தோட்டத்து டிராக்டரைக் கட்டி இழுக்கலாம் என்றால், அதுவும் அன்று உழவில் இருக்கும்.

இந்த இக்கட்டைத் தவிர்க்கப் பெரிய செலவு தேவையில்லை. இன்று பல தோட்டத்து வீடுகளிலும் மோட்டார் கொட்டகைகளிலும் விளக்குக்காக ஒரு சோலார் பேனலும் ஒரு பேட்டரியும் இருக்கின்றன. அவற்றிலிருந்து நாள்தோறும் ஒரு சிட்டிகை மின்சாரத்தை டிராக்டர் பேட்டரிக்குத் திருப்பிவிட்டால் போதும். வெளிநாடுகளில் வேனையே வீடாக்கிப் பயணம் செய்பவர்கள், விளக்குக்கும் ஃபிரிட்ஜுக்கும் வைத்திருக்கும் சோலார் பேட்டரியிலிருந்து எஞ்சினைக் கிளப்பும் பேட்டரியை இப்படித்தான் பராமரிக்கிறார்கள். மாதக்கணக்கில் நிற்கும் டிராக்டர், அறுவடை இயந்திரம், ஜெனரேட்டர் எல்லாவற்றுக்கும் இம்முறை பொருந்தும்.

நின்ற இடத்திலேயே ஏன் இறங்குகிறது?

காரீய அமில பேட்டரி பயன்படுத்தாமல் வைத்திருந்தாலும் தானாகவே மின்சக்தியை இழக்கும். சாதாரண வெப்பநிலையில் இந்த இழப்பு மாதத்துக்கு ஏறத்தாழ 5 சதவீதம். வெப்பநிலை 10 டிகிரி கூடினால் இழப்பு சுமார் இரு மடங்காகும். தகரக் கொட்டகையின் வெயில் காலச் சூட்டில் என்ன நடக்கும் என்பதை இதிலிருந்தே கணக்கிடலாம்.

அதோடு, சாவியை எடுத்த பிறகும் மின்சாரம் இழுக்கும் பொருட்கள் உண்டு. கடிகாரம், பாட்டு கேட்கும் கருவி, இருப்பிடம் காட்டும் ஜி.பி.எஸ். கருவி போன்றவை எல்லாம் சேர்ந்து 20 மில்லி ஆம்பியர் இழுத்தால், 30 நாளில் 14.4 ஆம்பியர்-மணி போய்விடும். 88 ஆம்பியர்-மணி பேட்டரி ஒன்றில், தானாக இழப்பது 9, கருவிகள் இழுப்பது 14 என்று ஒரே மாதத்தில் கால் பங்கு காலி.

இழப்பு அத்தோடு நிற்பதில்லை. சார்ஜ் குறைந்த நிலையிலேயே பேட்டரி கிடந்தால், தகடுகளில் படியும் காரீய சல்பேட் கெட்டியான வெண்படிவமாக இறுகிவிடும். பிறகு எவ்வளவு சார்ஜ் ஏற்றினாலும் பழைய கொள்ளளவு திரும்பாது. பல டிராக்டர் பேட்டரிகள் உழைத்துத் தேய்ந்து சாவதில்லை. சும்மா கிடந்தே சாகின்றன.

'வாரம் ஒருமுறை பத்து நிமிடம் ஓட்டி நிறுத்துகிறேன்' என்பவர்கள் உண்டு. ஸ்டார்ட் செய்யும்போது செலவானதை அந்த ஓட்டம் ஈடுகட்டலாம். ஒரு மாதத்தில் இழந்த 20 ஆம்பியர்-மணிக்கு மேற்பட்டதை அது ஈடுகட்டாது. காரீய பேட்டரி மெதுவாகத்தான் சார்ஜை வாங்கும். முழுதாக நிரம்ப பல மணி நேரம் பிடிக்கும். அவ்வளவு நேரம் எஞ்சினைச் சும்மா ஓட்டினால் டீசல்தான் வீணாகும்.

இரண்டு பேட்டரியும் ஒன்றல்ல

எஞ்சினைக் கிளப்பும் பேட்டரியில் மெல்லிய தகடுகள் நிறைய இருக்கும். சில விநாடிகளில் நூற்றுக்கணக்கான ஆம்பியரைக் கொட்டுவதற்காகச் செய்யப்பட்டது அது. அடிவரை காலியாவதை அது தாங்காது. சோலார் விளக்குக்கும் இன்வெர்ட்டருக்கும் வைக்கும் டியூபுலர் பேட்டரியின் தகடுகள் தடிமனானவை. தினமும் மெதுவாக இறங்கி மெதுவாக ஏறுவதற்கு ஏற்றவை. ஆகவே இரண்டையும் நிரந்தரமாக ஒன்றாக முறுக்கிக் கட்டிவிடக் கூடாது. அப்படிச் செய்தால், இரவு விளக்கு டிராக்டர் பேட்டரியையும் சேர்த்துக் குடிக்கும். காலையில் இரண்டும் காலியாக இருக்கும்.

எப்போது பாயும்?

ஒரே மட்டத்தில் தண்ணீர் நிற்கும் இரண்டு தொட்டிகளைக் குழாயால் இணைத்தால் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நீர் ஓடாது. பேட்டரியும் அப்படித்தான். ஓய்வில் இருக்கும் நிறைந்த பேட்டரி 12.6 அல்லது 12.7 வோல்ட் காட்டும். இன்னொரு பேட்டரியை நிரப்ப அந்த மட்டம் போதாது. பகலில் பேனல் வேலை செய்யும்போது சோலார் பேட்டரியின் முனையில் 13.5 முதல் 14.4 வோல்ட் வரை ஏறும். அந்த மணிகளில் மட்டுமே மிகுதி வழிந்து டிராக்டர் பேட்டரிக்குப் போக வேண்டும். சூரியன் சாய்ந்ததும் வழி அடைபட வேண்டும். இம்முறையின் அடிப்படை இதுதான்.

எவ்வளவு தேவை?

மேலே சொன்ன பேட்டரி மாதம் 23 ஆம்பியர்-மணி இழக்கிறது. நாளொன்றுக்கு 0.8 ஆம்பியர்-மணி கொடுத்தால் சரியாகிவிடும். 100 வாட் பேனல் ஒன்று நல்ல வெயில் நாளில் சுமார் 25 ஆம்பியர்-மணி தரும். நாம் கேட்பது அதில் 3 சதவீதம். வீட்டு விளக்குக்கு இதனால் குறை வராது.

ஆனால் பாதி காலியான பிறகு விழித்துக்கொண்டால் கணக்கு மாறுகிறது. 44 ஆம்பியர்-மணியைத் திரும்ப ஏற்ற, இழப்பும் சேர்த்து 50 தேவைப்படும். அந்தப் பேனலின் இரண்டு நாள் உற்பத்தி முழுவதும் அதற்கே போய்விடும். ஆகவே இது பராமரிப்பதற்கான முறை. செத்த பேட்டரியை எழுப்புவதற்கானது அல்ல. 12.2 வோல்ட்டுக்குக் கீழே இறங்கிய பேட்டரியை முதலில் சார்ஜரில் போட்டு நிரப்பிவிட்டே இணைக்க வேண்டும்.

இணைக்கும் வழிகள்

1. டயோடு, பல்பு முறை: செலவு குறைந்தது. சோலார் பேட்டரியின் பிளஸ் முனையிலிருந்து 5 ஆம்பியர் ஃபியூஸ், அடுத்து 5 ஆம்பியருக்குக் குறையாத ஷாட்கி டயோடு, அடுத்து 12 வோல்ட் 21 வாட் இண்டிகேட்டர் பல்பு, அதன்பின் கழற்றி மாட்டக்கூடிய பிளக், கடைசியாக இன்னொரு 5 ஆம்பியர் ஃபியூஸ் வழியாக டிராக்டர் பேட்டரியின் பிளஸ் முனைக்கு ஒயர் செல்ல வேண்டும். மைனஸ் முனைகளை, அதே பிளக்கின் இன்னொரு முனை வழியாக நேரடியாக இணைக்கலாம். டயோடில் கோடு போட்ட பக்கம் டிராக்டரை நோக்கி இருக்க வேண்டும். டயோடு, மின்சாரம் திரும்பி வராமல் தடுக்கும். பல்பு, 2 ஆம்பியருக்கு மேல் பாயாமல் தடுக்கும். இரண்டு பக்கமும் பேட்டரி இருப்பதால் இரண்டு முனையிலும் ஃபியூஸ் வேண்டும், ஒன்று போதாது. பல்பு பிரகாசமாக எரிந்தால் பேட்டரி மிகவும் இறங்கிவிட்டது அல்லது எங்கோ ஷார்ட் ஆகியிருக்கிறது என்று பொருள். உடனே பிளக்கைக் கழற்றிவிட வேண்டும். பல்பு சூடாகும் என்பதால் வைக்கோலுக்கும் டீசலுக்கும் தொலைவில் பொருத்த வேண்டும்.

2. வோல்ட்டேஜ் ரிலே: சோலார் பேட்டரி ஏறத்தாழ 13.3 வோல்ட்டைத் தொட்டதும் இணைப்பைத் தானே மூடி, 12.8க்கு இறங்கியதும் தானே பிரித்துவிடும் கருவி. வேன்களில் பரவலாக உள்ளது இதுவே. ஒரு பக்கத்து வோல்ட்டை மட்டும் பார்க்கும் வகையாக இருந்தால், அந்தப் பக்கத்தைச் சோலார் பேட்டரியில்தான் இணைக்க வேண்டும். டிராக்டர் பக்கம் மாட்டினால் அது மூடவே மூடாது. இதிலும் இரண்டு முனையிலும் ஃபியூஸ் தேவை. ஒயர் கனமாக இருக்க வேண்டும்.

3. இரண்டு பேட்டரி கன்ட்ரோலர்: சோலார் பேட்டரிக்கு ஒன்று, எஞ்சின் பேட்டரிக்கு ஒன்று என இரண்டு வெளியீடு கொண்ட சார்ஜ் கன்ட்ரோலர்கள் உள்ளன. புதிதாக சோலார் அமைப்பவர்கள் இதையே கேட்டு வாங்கலாம்.

4. தனிப் பேனல்: வீட்டில் சோலாரே இல்லை அல்லது கொட்டகை தொலைவில் உள்ளது என்றால், கொட்டகைக் கூரையில் 10 வாட் பேனலும் சிறிய கன்ட்ரோலரும் போதும். நாளொன்றுக்கு 2 ஆம்பியர்-மணிக்கு மேல் கிடைக்கும். பேனலை நேரடியாக பேட்டரியில் மாட்டக் கூடாது. 12 வோல்ட் பேனல் என்று விற்பது வெயிலில் 17, 18 வோல்ட் தரக்கூடியது. மாதக்கணக்கில் அப்படி விட்டால் பேட்டரித் தண்ணீர் வற்றிவிடும்.

தொடக் கூடாத இடங்கள்

சோலார் பம்புசெட்: இதில் பேட்டரி கிடையாது. பேனல்கள் தொடராக இணைக்கப்பட்டிருப்பதால் பல நூறு வோல்ட் நேர்மின்சாரம் ஓடும். அதிலிருந்து 12 வோல்ட் எடுக்க முயல்வது உயிருக்கே ஆபத்து.

சோலார் மின்வேலி: இந்த பேட்டரி இரவில் பன்றியையும் யானையையும் தடுக்கும் காவல்காரன். அதிலிருந்து எடுத்து, மழை மூட்டமான வாரத்தில் வேலி நின்றுபோனால், ஒரே இரவில் பயிர் போய்விடும். டிராக்டருக்காக அதைத் தொட வேண்டாம்.

24 வோல்ட் அமைப்பு: இரண்டு பேட்டரிகளைத் தொடராக வைத்திருப்பவர்கள், அவற்றில் ஒன்றிலிருந்து மட்டும் 12 வோல்ட் எடுக்கக் கூடாது. ஒன்று மட்டும் தொடர்ந்து இறங்கி, இரண்டுமே கெடும். 24லிருந்து 12க்கு மாற்றும் சார்ஜர் தேவை.

லித்தியம் பேட்டரி: லித்தியம் அயர்ன் பாஸ்பேட் வகை, ஓய்விலேயே 13.3 வோல்ட் அளவில் நிற்கும். வோல்ட்டேஜ் ரிலே, இரவென்று அறியாமல் மூடியே இருக்கும். இதற்கும் தனி டி.சி. சார்ஜர்தான் சரி.

சரியாக வேலை செய்கிறதா?

சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் மல்டிமீட்டர் ஒன்று விவசாயி வீட்டில் இருக்க வேண்டும். பகல் 11 மணிக்கும் 2 மணிக்கும் இடையில் டிராக்டர் பேட்டரி முனையில் 13.2 முதல் 13.8 வோல்ட் காட்டினால் சரி. 12.8க்குக் கீழே இருந்தால் ஃபியூஸையும் முனைகளையும் பாருங்கள். 14.4க்கு மேல் நாள் கணக்கில் நின்றால் அதிகம். வெப்பம் கூடக்கூட பேட்டரிக்கு வேண்டிய வோல்ட் குறையும். 25 டிகிரியில் 14.4 கேட்கும் பேட்டரிக்கு 40 டிகிரியில் சுமார் 14.0 போதும். வெப்பத்துக்கேற்ப வோல்ட்டைக் குறைக்கும் கன்ட்ரோலர் நம் ஊருக்கு நல்லது.

உண்மையான நிலையை அறிய, இணைப்பைக் கழற்றி ஓரிரவு விட்டு, காலையில் பார்க்க வேண்டும். 12.6க்கு மேல் என்றால் முழு சார்ஜ், 12.4 முக்கால், 12.2 பாதி; 12.0 கால் பங்கு. மூடி திறக்கும் பேட்டரியாக இருந்தால் ஹைட்ரோமீட்டரால் ஆறு அறைகளையும் பாருங்கள். ஒரு அறை மட்டும் மற்றவற்றைவிட 0.050க்கு மேல் குறைந்திருந்தால் அந்த அறை கெட்டுவிட்டது. அத்தகைய பேட்டரிக்கு எந்தச் சோலாரும் உதவாது.

பாதுகாப்பு

சார்ஜ் ஆகும் பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வெளியேறும். காற்றோட்டம் இருக்கட்டும்; பீடி, சிகரெட், தீப்பொறி கூடாது. டிராக்டர் பேட்டரியைக் கழற்றும்போது மைனஸ் முனையை முதலில் கழற்றி, மாட்டும்போது கடைசியில் மாட்ட வேண்டும். பிளஸ், மைனஸ் மாறிவிட்டால் கன்ட்ரோலரும் ஆல்டர்னேட்டரும் எரியும். முனைகளில் படியும் உப்பை வெந்நீரால் கழுவி, துடைத்து, வாசலின் தடவுங்கள். தண்ணீர் குறைந்தால் டிஸ்டில்ட் வாட்டர் மட்டுமே ஊற்ற வேண்டும்; அமிலமோ கிணற்று நீரோ கூடாது. எஞ்சினைக் கிளப்பும் முன் பிளக்கைக் கழற்றிவிட வேண்டும். மறக்காமலிருக்க ஒயரின் நுனியை ஸ்டீயரிங்கில் சுற்றி வைப்பது எளிய வழி.

வடகிழக்குப் பருவமழையில் தொடர்ந்து மேகமூட்டம் இருந்தால் சோலார் பேட்டரி 13.3 வோல்ட்டை எட்டாமல் போகலாம். அப்போது ரிலே மூடாது. அது பழுதல்ல, வீட்டு விளக்கைக் காப்பாற்றவே அப்படி அமைந்துள்ளது. அந்த நாட்களுக்கு டிராக்டரில் ஒரு கட்-ஆஃப் சுவிட்ச் போட்டு, நிறுத்தியதும் அணைத்துவிட்டால் கருவிகள் இழுக்கும் பங்கு முழுவதும் மிச்சமாகும்.

வயரிங் வேலையை டிராக்டர் எலக்ட்ரீஷியன் அரை நாளில் முடித்துவிடுவார். விரிவாக்கப் பணியாளர்கள் பருவத்துக்கு முந்தைய கிராமக் கூட்டங்களில் விதை நேர்த்தி சொல்லும்போதே, ஒரு மல்டிமீட்டரையும் கையில் எடுத்துச் சென்று, வந்திருக்கும் டிராக்டர்களின் பேட்டரியை அளந்து காட்டலாம். 12.2 காட்டும் வண்டிக்காரர் அன்றே விழித்துக்கொள்வார். மழைக்கு இன்னும் நாள் இருக்கும்போது செய்ய வேண்டிய வேலை இது.