கேள்வியும் ஓர் அளவுகோலே

வெப்பமானி பழுதுபட்டிருந்தால், காய்ச்சல் இல்லாதவனுக்கும் காய்ச்சல் என்று முடிவு செய்ய நேரும். சமூக ஆராய்ச்சியில் வெப்பமானியும் இல்லை, தராசும் இல்லை. ஆராய்ச்சியாளரின் கையிலுள்ள முதன்மையான கருவி கேள்வியே. அதிலும் பழுது நேரக்கூடும். ஆனால் அப்பழுது எளிதில் கண்ணுக்குப் புலப்படாது.

"சென்ற 30 நாட்களில் உங்கள் வீட்டில் எவ்வளவு அரிசி செலவாயிற்று?" என்று கேட்கலாம். "சென்ற 7 நாட்களில் எவ்வளவு?" என்றும் கேட்கலாம். வாரக் கணக்கை மாதக் கணக்காகப் பெருக்கிக் கொண்டால் இரண்டும் ஒன்றாகிவிடும் என்றே பலரும் எண்ணுவர். உண்மையில் அவை ஒன்றாவதில்லை. நம் நாட்டில் வறியோர் எத்தனை பேர் என்ற கணக்கையே இச்சிறு வேறுபாடு பெரிதும் மாற்றிவிட்டது. அந்த வரலாறு சமூகப் பரிசோதனையின் நெறியை நன்கு விளக்குவதாகும்.

தேசிய மாதிரி ஆய்வு 1950ஆம் ஆண்டில் தொடங்கிற்று. அதற்கு வழிகாட்டிய பேராசிரியர் மகலனோபிஸ் அவர்களின் முன் இந்தப் பிரச்சினை தொடக்கத்திலேயே எழுந்தது. மனித ஞாபகத்தில் இரு குறைகள் உள்ளன. காலம் நீள நீள, வாங்கியதும் உண்டதும் மறந்து போகின்றன. அதனால் கணக்குக் குறைகிறது. காலம் குறுகினாலோ, பத்து நாட்களுக்கு முன் வாங்கியதும் "சென்ற வாரம்" என்ற எல்லைக்குள் வந்து சேர்ந்துவிடுகிறது. அதனால் கணக்குக் கூடுகிறது. இவ்விரண்டில் எது வலியது என்பதை வாதத்தால் முடிவு செய்ய இயலாது, பரிசோதனையே வேண்டும்.

அத்தகைய பரிசோதனை 1952ஆம் ஆண்டில் மேற்கு வங்கத்தில் நடத்தப்பட்டது. குடும்பங்கள் இரு பிரிவாகப் பிரிக்கப்பட்டு, ஒரு பிரிவிடம் வாரக் கேள்வியும் மற்றதனிடம் மாதக் கேள்வியும் கேட்கப்பட்டன. வாரக் கேள்வி கூடுதலான அளவைத் தந்தது. அரிசியைப் பொறுத்தவரை, நேரில் நிறுத்துப் பார்த்த அளவு மாதக் கேள்வியின் விடையோடு ஒத்திருந்தது. இதை ஆதாரமாகக் கொண்டு 30 நாள் கேள்வி பல்லாண்டுகள் வழக்கிலிருந்தது.

இங்கே ஒரு நுட்பத்தைக் கருத வேண்டும். எந்தக் குடும்பத்திற்கு எந்தக் கேள்வி என்பதைத் தீர்மானிப்பது யார்? ஊழியரின் விருப்பத்திற்கு விட்டால், பொறுமையாகப் பேசும் வீட்டில் நீண்ட கேள்வியையும், அவசரப்படும் வீட்டில் எளிய கேள்வியையும் அவர் கேட்கக்கூடும். பின்னர் விடைகளில் காணும் வேறுபாடு கேள்வியால் வந்ததா, வீட்டால் வந்ததா என்று பிரித்தறிய வழியில்லை. திருவுளச் சீட்டுப் போட்டு ஒதுக்கினால், செல்வரும் வறியவரும், பெரிய குடும்பமும் சிறிய குடும்பமும் இரு பிரிவுகளிலும் ஏறக்குறைய ஒரே விகிதத்தில் அமைவர். எஞ்சும் தற்செயல் வேறுபாட்டின் அளவையும் கணித்துவிடலாம். அதனை மீறிய வேறுபாடு காணப்படுமாயின், அது கேள்வியால் விளைந்ததே எனத் துணிந்து கூறலாம்.

1994 முதல் 1998 வரை நடந்த 51 முதல் 54 வரையிலான சுற்றுகளில் இம்முறை பெரிய அளவில் கையாளப்பட்டது. சில குடும்பங்களிடம் எல்லாப் பொருள்களுக்கும் 30 நாள் கணக்குக் கேட்கப்பட்டது. வேறு சில குடும்பங்களிடம் உணவுப் பொருள்களுக்கு 7 நாள் கணக்கும், துணிமணி போன்றவற்றிற்கு 365 நாள் கணக்கும் கேட்கப்பட்டன. இரண்டாவது படிவத்தில் மொத்தச் செலவு ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு கூடுதலாக வந்தது. அதன்படி கணக்கிட்டால் வறியோர் விகிதம் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்துவிடும்! எவருடைய அடுப்பிலும் ஒரு பிடி அரிசி கூடவில்லை. மாறியது கேள்வி மட்டுமே.

பின்னர் 1999-2000ஆம் ஆண்டுச் சுற்றில், உணவுப் பொருள்களுக்கு 7 நாள் கணக்கும் 30 நாள் கணக்கும் ஒரே குடும்பத்திடம், அடுத்தடுத்த பத்திகளில் கேட்கப்பட்டன. முன்பு வெகுதூரம் விலகி நின்ற விடைகள் இப்போது நெருங்கி வந்தன. ஒரு விடையைச் சொன்னவர் மற்றொன்றை அதற்கேற்பச் சொல்வது இயல்பு; எழுதிக்கொள்பவரும் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பது இயல்பு. 1993-94இல் 36 சதவீதமாயிருந்த வறுமை 26 சதவீதமாகக் குறைந்ததென அச்சுற்றிலிருந்து கணக்கிடப்பட்டது. அதில் எவ்வளவு வாழ்வின் மாற்றம், எவ்வளவு படிவத்தின் மாற்றம் என்று பொருளாதார அறிஞர்கள் பல்லாண்டுகள் வாதிட நேர்ந்தது. ரேஷன், ஊரக வேலை முதலியவற்றிற்கான ஒதுக்கீடுகள் இத்தகைய கணக்குகளைச் சார்ந்திருந்தமையால், இதனை ஏட்டளவு வாதமென ஒதுக்க இயலாது.

இந்த அனுபவம் வீண்போகவில்லை. 2009-10, 2011-12 ஆகிய ஆண்டுகளில் இருவகைப் படிவங்களும் தனித்தனிக் குடும்பங்களுக்கே ஒதுக்கப்பட்டன. காய்கறி, மீன் போன்றவற்றிற்கு 7 நாள், தானியங்களுக்கு 30 நாள் எனப் பொருளுக்கேற்ற காலமும் வகுக்கப்பட்டது. 2022-23ஆம் ஆண்டு ஆய்வில் வினாப்படிவம் நான்காகப் பிரிக்கப்பட்டு, மூன்று முறை சென்று விசாரிக்கப்பட்டது. ஆகவே அதன் எண்களைப் பழைய சுற்றுகளின் எண்களோடு ஒப்பிடுவோர், முறை மாறியுள்ளதை மறத்தலாகாது.

கள ஊழியர்கள் இதிலிருந்து கொள்ள வேண்டியவை மூன்று. ஒதுக்கப்பட்ட வீடு பூட்டிக் கிடந்தால், விதிப்படியன்றித் தம் விருப்பப்படி அடுத்த வீட்டிற்குச் செல்லலாகாது. படிவத்திலுள்ள சொற்களை எளிமை கருதியும் மாற்றலாகாது. மாற்றம் அவசியமெனில் மேலதிகாரிக்கு எழுதி எல்லோருக்கும் ஒருங்கே மாற்ற வேண்டும். இரு விடைகள் முரண்பட்டால், தாமே திருத்தாமல் முரண்பாட்டைக் குறித்தனுப்ப வேண்டும்.

ஆசிரியர்கள் வகுப்பிலேயே இதனைச் செய்து காட்டலாம். சீட்டுக் குலுக்கி மாணவரை இரு பிரிவாக்குக. எத்தனை வாழைப்பழம் உண்டாய் என்று ஒரு பிரிவை 7 நாளுக்கும் மற்றதை 30 நாளுக்கும் கேட்டு, நாளொன்றுக்குச் சராசரி காண்க. ஒரு வகுப்பில் தற்செயல் மிகுதி. ஆதலின் பல வகுப்புகளில் செய்து, வேறுபாடு ஒரே பக்கம் சாய்கிறதா என்று நோக்குக. அடுத்து, இரு கேள்விகளையும் ஒரே மாணவரிடம் கேட்டுப் பார்க்க. விடைகள் எவ்வாறு ஒன்றையொன்று இழுக்கின்றன என்பதை மாணவர் தாமே ஆராய்ந்தறிவர்.

எண்ணைக் கண்டவுடன் நம்புவதும் தவறு, இகழ்வதும் தவறு. அது எந்தக் கேள்வியால், யாரிடம், எவ்வாறு பெறப்பட்டது என்று வினவுதலே அறிவியல் மனப்பான்மையாகும்.