இந்து சமுத்திரத்தின் மேலே செய்மதி மாறும்போது

காலபோக விதைப்பு நெருங்கும் நாட்களில் வானொலியின் காலநிலை அறிக்கைக்குக் காது கொடுக்காத கமக்காரர் இல்லை. சொந்த ஊரில் இருந்தபோது இந்த அறிக்கை நமக்கு அரைவாசித் தேவையாகவே இருந்தது. வாடை எப்போது திரும்பும், எந்தத் திசை கறுத்தால் நம் வயலுக்கு மழை வரும், குளம் எத்தனை நாளில் வான்பாயும் என்பதெல்லாம் பாட்டன் பூட்டன் காலத்திலிருந்து கைவந்த அறிவு. இடம்பெயர்ந்து வேறு மண்ணில் மண்வெட்டி பிடிப்பவருக்கு அந்த அறிவு அப்படியே உதவுவதில்லை. வலிகாமத்துச் செம்மண்ணில் வெங்காயம் நட்டவர் வன்னியில் நெல் விதைக்கும்போது வானமும் புதிதுதான். ஆகவே அறிக்கையில் சொல்லப்படும் ஒரு வசனத்தை நம்பி விதைநெல்லை மண்ணில் போட வேண்டியிருக்கிறது. அந்த வசனம் எங்கிருந்து வருகிறது என்று அறிந்து வைப்பது நல்லது.

அதன் பெரும் பகுதி செய்மதிப் படங்களிலிருந்து வருகிறது. மத்திய கோட்டுக்கு மேலே, ஏறத்தாழ 35,800 கிலோமீற்றர் உயரத்தில், பூமி சுழலும் வேகத்துக்கு ஈடாகச் சுற்றிக்கொண்டு, ஒரே இடத்துக்கு நேரே நிற்பது போல நிற்கும் செய்மதிகள் இவை. இவற்றுக்கும் ஆயுள் உண்டு. நின்ற இடத்தை விட்டு நகராதிருக்க அவ்வப்போது எரிபொருள் செலவிட வேண்டும். அது தீருமுன் மற்றச் செய்மதிகளுக்கு இடையூறில்லாத உயரத்துக்குத் தள்ளிவிட வேண்டும். உழவு இயந்திரத்தைப் போலப் பழுதுபார்க்க அங்கே போக முடியாது. எனவே சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பழையது போய்ப் புதியது வந்தாக வேண்டும்.

இரவல் செய்மதிகளின் கடல்

ஐரோப்பாவுக்கு மேலே ஐரோப்பியச் செய்மதி, அமெரிக்காவுக்கு மேலே அமெரிக்கச் செய்மதி, பசிபிக்கின் மேற்கே யப்பானியச் செய்மதி என்று ஒவ்வொன்றுக்கும் உரிமைக்காரர் இருந்தனர். நம்மைச் சூழ்ந்த இந்து சமுத்திரம் நெடுங்காலம் இரவலில் வாழ்ந்தது. 1978 இறுதியில் உலக வளிமண்டல ஆய்வு ஒன்றுக்காக அமெரிக்காவின் கோஸ்-1 செய்மதி இந்தக் கடலுக்கு மேலே நகர்த்தப்பட்டது. ஆய்வு ஓராண்டில் முடிந்தது. செய்மதியும் திரும்பிப் போயிற்று. அந்த ஆய்வு தொடங்குவதற்குச் சில நாட்கள் முன்பு, நவம்பர் 23 இல், மட்டக்களப்பைத் தாக்கிய சூறாவளி தொள்ளாயிரத்துக்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டு போனதை நம்மில் மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

இந்தியா 1982 இல் ஏவிய இன்சாற்-1ஏ சில மாதங்களிலேயே செயலிழந்தது. 1983 இல் சென்ற இன்சாற்-1பி நின்று உழைத்தது. பிறகு 1998 இல் மறுபடி ஓர் ஆய்வு வந்தது. தெற்காசியாவிலிருந்து கடலுக்கு மேலே பரவும் புகையும் தூசும் காலநிலையை எவ்வாறு பாதிக்கின்றன என்று அறிய மாலைதீவை மையமாகக் கொண்டு நடந்த ஆய்வு அது. அதற்கு உதவியாக ஜேர்மனியின் டாம்ஸ்ராட் நகரிலுள்ள ஐரோப்பிய வானிலைச் செய்மதி நிறுவனமான யூமெற்சற், தன் மெற்றியோசற்-5 ஐக் கிழக்கு 63 பாகைக்கு நகர்த்தியது. 1991 இல் ஏவப்பட்டு, ஐரோப்பாவில் வேலை முடிந்து ஒதுக்கப்பட்டிருந்த செய்மதி. வசதியான வீட்டுப் பிள்ளை போட்டுக் கழித்த சட்டை நம் பிள்ளைக்கு வந்தது போலத்தான். ஆனால் இந்தமுறை ஆய்வு முடிந்த பின்னும் சட்டையைத் திருப்பிக் கேட்கவில்லை. ஆய்வாளருக்கென வந்த படங்களை எதிர்வுகூறுவோர் அன்றாடம் பயன்படுத்தத் தொடங்கிவிட்டனர். நிறுத்துவது முடியாத காரியமாயிற்று. மெற்றியோசற்-5 ஐந்தாண்டு உழைக்கும் எனக் கணக்கிட்டுச் செய்யப்பட்டது. 2007 வரை, அதாவது பதினாறு ஆண்டுகள் உழைத்தது. அதன் இடத்துக்கு மெற்றியோசற்-7 வந்தது. 2017 பெப்ரவரியில் மெற்றியோசற்-8 பொறுப்பெடுத்தது. 2022 யூன் முதலாம் திகதி அதனிடமிருந்து மெற்றியோசற்-9 பொறுப்பேற்றது. எல்லாமே முதலில் வேறிடத்தில் வேலை செய்து வந்தவைதான்.

மாறும்போது என்ன மாறுகிறது

மெற்றியோசற்-7 வரையானவை அரை மணித்தியாலத்துக்கு ஒரு படம் அனுப்பின. கண்ணுக்குத் தெரியும் ஒளி, வெப்பக் கதிர், நீராவி என்று மூன்று அலைவரிசைகளில் மாத்திரம் பார்த்தன. எட்டாவதும் ஒன்பதாவதும் பன்னிரண்டு அலைவரிசைகளில், கால் மணித்தியாலத்துக்கு ஒருமுறை பார்க்கக்கூடியவை. பின்னேரத்தில் கிளம்பும் இடிமுகில் அரை மணித்தியாலத்தில் ஒன்றுமில்லாமையிலிருந்து கொட்டும் நிலைக்கு வந்துவிடும். இரண்டு படத்துக்கிடையே எல்லாம் நடந்து முடிந்தால் எச்சரிக்கை விடுப்பது எப்படி? கூடுதல் அலைவரிசைகளால் இரவில் தாழ்ந்த முகிலையும் மூடுபனியையும் தரையிலிருந்து பிரித்தறியவும், முகிலின் உச்சியில் இருப்பது நீர்த்துளியா பனிக்கட்டியா என்று கணிக்கவும் முடிகிறது.

இதனால் மாற்றம் சுலபமானது என்று நினைக்க வேண்டாம். வாங்கும் கிண்ண அன்ரனாவின் திசை, கணினியின் நிரல், படம் பார்ப்பவரின் கண் பழக்கம் எல்லாமே மாற வேண்டும். அதனால் பழையதும் புதியதும் சில காலம் சேர்ந்து இயங்க விடப்படுகின்றன. மரக்கொத்தும் சாக்குமாகப் பழகிய வியாபாரி புதுத் தராசுக்கு மாறும்போது இரண்டிலும் நிறுத்துப் பார்ப்பதில்லையா? அதுபோலத்தான்.

நமக்கு நேரடியாகப் படுகின்ற ஒரு சிக்கல் உண்டு. செய்மதி சரியாகத் தலைக்கு மேலே நிற்காவிட்டால் உயரமான முகிலைச் சரிவாகப் பார்க்கும். படத்தில் முகில் இடம் மாறித் தெரியும். யப்பானின் ஹிமவாரி (சூரியகாந்தி என்று பொருள்) கிழக்கு 140.7 பாகையில் நிற்பது. இலங்கை அதன் பார்வையின் மேற்கு ஓரத்தில் கிடக்கிறது. மட்டக்களப்புக் கரைக்கு மேலே 12 முதல் 15 கிலோமீற்றர் உயரத்துக்கு எழுந்த முகிலின் உச்சி ஹிமவாரிப் படத்தில் 30 முதல் 40 கிலோமீற்றர் மேற்கே, உள்நாட்டில் நிற்பதாகத் தோன்றும். அதே முகில் 45.5 பாகையில் நிற்கும் மெற்றியோசற்-9 இன் படத்தில் பத்துக் கிலோமீற்றருக்குச் சற்றுக் கூடுதலாகக் கிழக்கே, கடலில் தெரியும். 2013 இல் ஏவப்பட்டு 82 பாகையில் நிறுத்தப்பட்ட இன்சாற்-3டி போன்ற ஒன்று நம் தலைக்கு மேலே இருந்து பார்ப்பதால் பிழை மிகச் சிறியது. கணக்கிட்டுத் திருத்த வழி உண்டு. திருத்தாமல் பார்த்தால் ஒரு செய்மதியிலிருந்து மற்றதுக்கு மாறிய அன்றே முகில் ஐம்பது கிலோமீற்றர் தாவிவிட்டதாக நினைக்கத் தோன்றும். ஒரு கமநல சேவைப் பிரிவுக்கும் அடுத்ததுக்கும் இடையே அவ்வளவு தூரம் இல்லை.

ஆய்வாளரின் கவலை வேறு. முப்பது ஆண்டில் மழை கூடியதா குறைந்ததா என்று கேட்பவருக்குத் தொடர்ச்சியான பதிவு வேண்டும். புதுக் கருவி அதே முகிலைக் கொஞ்சம் சூடாகக் காட்டினால், காலநிலையே மாறிவிட்டதாகப் பதிவேடு பொய் சொல்லும். சேர்ந்து இயங்கும் மாதங்களில் இரண்டையும் ஒப்பிட்டு இந்த வேறுபாடு கணிக்கப்படுகிறது. போர்க்காலத்தில் வடக்குக் கிழக்கில் மழைமானிப் பதிவுகள் பல இடங்களில் அறுந்துபோயின என்பதை நினைத்தால் இதன் பெறுமதி விளங்கும். நாம் ஓடிக்கொண்டிருந்த ஆண்டுகளில் நம் வயல்களின் மேல் சென்ற முகில்களை மெற்றியோசற்-5 உம் 7 உம் பதிந்து வைத்திருக்கின்றன.

மாற்றம் தவறினால் என்ன நடக்கும் என்பதற்கு யப்பானே சாட்சி. ஓய்வுபெறவிருந்த தன் செய்மதிக்குப் பதிலாக 1999 நவம்பரில் அது ஏவியது வானத்துக்குப் போய்ச் சேரவில்லை, ரொக்கற் தவறிவிட்டது. பழையது தள்ளாடித் தள்ளாடி 2003 வரை ஓடியது. அந்த மே மாதம் அமெரிக்காவிடம் கோஸ்-9 ஐ இரவல் வாங்கியது யப்பான். 2005 இல்தான் சொந்தச் செய்மதி வேலைக்கு வந்தது. அந்தப் பாடத்துக்குப் பின்னர் ஹிமவாரி-8 க்கு இரட்டையாக ஹிமவாரி-9 ஐ 2016 இலேயே ஏவி, வானத்தில் காத்திருக்க வைத்தார்கள். 2022 டிசம்பர் 13 இல் பொறுப்பு மாறியபோது படம் பார்த்தவர்களுக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. பணக்கார நாடும் இரவல் வாங்கும் என்பது நமக்கு ஓர் ஆறுதல்தான்!

படமும் மழையும்

செய்மதி பார்ப்பது முகிலின் தலையை. அடியில் எவ்வளவு மழை விழுகிறது என்பது கணிப்பே. 2020 டிசம்பர் 2 ஆம் திகதி இரவு முல்லைத்தீவுக்கும் திருகோணமலைக்கும் இடையே கரையேறிய புரவி சூறாவளிக்கு முன்னரே ஆயிரக்கணக்கானோரை வெளியேற்ற முடிந்தது. எங்கே, எப்போது என்ற கேள்விகளுக்கு அன்று விடை கிடைத்தது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி அறுநூறுக்கு மேற்பட்ட உயிர்களைப் பறித்தது காற்றால் அல்ல, பெரும்பாலும் வெள்ளத்தாலும் மலைச்சரிவாலும். எந்தச் சரிவில் எத்தனை மில்லிமீற்றர் என்பதை மேலேயிருந்து மாத்திரம் சொல்லிவிட முடியாது. அதற்கு நிலத்தில் மழைமானி வேண்டும். எச்சரிக்கையை வீடுவரை கொண்டுசேர்க்க ஆட்களும் வேண்டும். புதிய செய்மதிக்குச் செலவிடுபவர்கள் இதற்கும் செலவிட வேண்டும் என்பது நம் எண்ணம்.

வளிமண்டலவியல் திணைக்களத்தின் எச்சரிக்கையில் "100 மில்லிமீற்றருக்கு மேற்பட்ட பலத்த மழை" என்று வந்தால், ஒரு ஏக்கரில் நான்கு இலட்சம் லீற்றர் தண்ணீர் என்று எடுத்துக்கொள்ளுங்கள். வரம்பு தாங்குமா, நாற்றுமேடை தாங்குமா என்று அதைக் கொண்டு கணக்குப் பார்க்கலாம். பக்கம் நேராக உள்ள வெற்றுப் பால்மா ரின் ஒன்றை மரமும் கூரையும் மறைக்காத வெளியில் ஆடாமல் நிறுத்தி, தினமும் காலை 8.30 க்கு அடிமட்டத்தால் அளந்து, பிள்ளையின் பழைய கொப்பியில் எழுதி வையுங்கள். திணைக்களமும் அதே நேரத்துக்கே அளக்கிறது. பக்கத்தில் முதல் நாள் அறிக்கை என்ன சொன்னது என்றும் ஒரு வரி. இரண்டு போகம் கழிந்தால், வானொலியின் "ஓரளவு பலத்த மழை" நீங்கள் இப்போது குடியிருக்கும் இடத்தில் எத்தனை மில்லிமீற்றர் என்பது அந்தக் கொப்பியில் இருக்கும்.