இணைய வானொலிப் பதிவும் ஆய்வுச் சான்றும்: கொடைக்கானல் பண்பலையை முன்வைத்து

அகில இந்திய வானொலியின் கொடைக்கானல் பண்பலை (100.5 மெகாஹெர்ட்ஸ்) மலையிலிருந்து திண்டுக்கல் சமவெளியெங்கும் ஒலிக்கிறது. இணையத்திலும் அது கிடைப்பதால், நேயர்களின் தொலைபேசிப் பேச்சை வட்டார வழக்காய்வுக்காக வீட்டுக் கணினியில் பதிவுசெய்ய இயலும். எந்த மென்பொருளால் என்பதே வினா. ஒடாசிட்டி, கணினியில் ஒலிப்பதைப் பதிகிறது. பிற செயலிகளின் அறிவிப்பொலியும் உடன் கலக்கக்கூடும். எம்பி3 கோப்பாகச் சேமித்தால் ஏற்கெனவே சுருக்கப்பட்ட ஒலி மீண்டும் சுருங்கும். எஃப்எஃப்எம்பெக், வரும் தரவை மாற்றமின்றி நகலெடுக்க வல்லது. நொடிக்கு 64 கிலோபிட் எனில் ஒரு மணி நேரத்திற்கு ஏறத்தாழ 29 மெகாபைட் போதும். ஆயினும் வழக்கமான தொலைபேசி இணைப்பு 3400 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட ஒலியைக் கடத்துவதில்லை. ஆகவே இப்பதிவுகள் சொல், தொடர் ஆய்வுக்கு உதவும். உரசொலிகளை அளவிட உதவா. நேரலையில் ஒலித்துண்டுகள் வழங்கியிலிருந்து விரைவில் நீக்கப்படுவதால், இணைப்பு அறுந்த நிமிடங்கள் மீளக் கிட்டுவதில்லை. அவ்விடைவெளியைத் தேதி, நேரத்துடன் குறித்து வைக்காத பதிவு சான்றாக நில்லாது. ஒலிபரப்பு உரிமையைப் பொறுத்தவரை, 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 39ஆம் பிரிவு, நேர்மையான ஆய்வுக்கும் கற்பித்தலுக்கும் மட்டுமேயான ஒலிப்பதிவை உரிமை மீறலாகக் கருதுவதில்லை. அப்பதிவை முழுமையாக இணையத்தில் ஏற்றுவது வேறு செயல். அதற்கு நிலையத்தின் இசைவு தேவை.