ஒரு நாள்கூட மஞ்சள் ஜெர்சி போடாதவர்... பிரான்ஸே கொண்டாடியது ஏன்?

2021 ஜூன் 27. டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தின் 2-வது நாள். மூர் டி பிரெட்டானி மேட்டில் முதல் ஆளாக ஏறி வந்த மாத்யூ வான் டெர் போல், வானத்தை நோக்கி விரலை நீட்டினார். மஞ்சள் ஜெர்சி அவருக்குத்தான். ஆனா டிவி பேட்டியில் பேச்சு வரவில்லை, அழுதுவிட்டார். 2019-ல் இறந்துபோன தாத்தாவுக்கான அழுகை அது.

அந்தத் தாத்தா ரேமோன் புலிடோர். (பெயரில் புலி இருக்கேன்னு பார்க்காதீங்க, ரசிகர்கள் செல்லமாகக் கூப்பிட்டது ‘புப்பு’!) 14 முறை டூர் டி பிரான்ஸில் ஓட்டியவர். அதில் 3 முறை இரண்டாமிடம், 5 முறை மூன்றாமிடம். மஞ்சள் ஜெர்சி மட்டும் ஒரு நாள்கூட கிடைக்கவில்லை. அவர் மருமகன் 1984-ல் ஒரு நாள் போட்டார். பேரனும் போட்டுவிட்டார்.

மஞ்சள் ஜெர்சி யாருக்கு?

சுமார் மூன்று வாரம் நடக்கிற பந்தயம் இது. ஒவ்வொரு நாளும் எடுத்துக்கொண்ட நேரத்தைக் கூட்டிக்கொண்டே வருவார்கள். மொத்த நேரம் யாருக்குக் குறைவோ, அவருக்கு மறுநாள் மஞ்சள் ஜெர்சி. கடைசி நாளில் அதை வைத்திருப்பவர்தான் சாம்பியன். முதல் சில நாட்களில் வித்தியாசம் ரொம்பக் குறைவு என்பதால், பெரிதாகப் பெயர் தெரியாதவர்கள்கூட ஒரு நாள் போட்டுவிடுவதுண்டு. புலிடோருக்கு அந்த ஒரு நாளும் அமையவில்லை. 1973-ல் தொடக்க நாள் ஓட்டத்தில் ஒரு வினாடிக்கும் குறைவான நேரத்தில் நழுவவிட்டார்!

1964-ல் நடந்தது என்ன?

எதிரில் இருந்தவர் ஜாக் ஆங்க்டில். ஏற்கெனவே 4 முறை சாம்பியன். தனியாக நேரத்தை எதிர்த்து ஓட்டுவதில் அவரை அடிக்க ஆளில்லை. தேவையான அளவுக்கு மட்டும் ஜெயிப்பார், ஒரு வினாடிகூட வீணாக்க மாட்டார்.

மொனாக்கோவில் முடிந்த கட்டத்தில் புலிடோர் சீறிப்பாய்ந்து கோட்டைத் தாண்டினார். ஆனால் மைதானத்தில் இன்னும் ஒரு சுற்று பாக்கி! அந்தச் சுற்றில் ஆங்க்டில் முந்தினார். முதலிடத்துக்கு ஒரு நிமிடம் போனஸ், அதாவது மொத்த நேரத்திலிருந்து ஒரு நிமிடம் கழியும். பிறகு துலூஸ் போகிற வழியில் புலிடோரின் சக்கரம் பழுதானது. மெக்கானிக் தள்ளிவிட்ட வேகத்தில் கீழேயே விழுந்தார்.

அப்புறம் ஜூலை 12. ப்யூய் டி டோம் என்ற அணைந்துபோன எரிமலை. மலைப்பாதையில் லட்சக்கணக்கான கூட்டம். இருவருக்கும் இடைவெளி 56 வினாடி. வழக்கமாக எதிராளியின் பின்னால் ஒட்டிக்கொண்டுதான் ஏறுவார்கள், உழைப்பு மிச்சமாகும். ஆங்க்டில் பக்கத்திலேயே வந்தார். உள்ளே தெம்பு தீர்ந்திருந்தாலும் தீரவில்லை என்று காட்டிக்கொள்கிற நடிப்பு அது. தோளோடு தோள் உரசியபடி இருவரும் ஏறும் அந்தப் போட்டோ, சைக்கிள் ரசிகர்கள் எல்லோரும் பார்த்த ஒன்று. புலிடோரும் ஏமாந்தார். கடைசி கிலோமீட்டரில்தான் பிய்த்துக்கொண்டு போனார். மேலே போய்ச் சேரும்போது 42 வினாடி மீட்டிருந்தார். ஆங்க்டிலிடம் மிச்சம் 14 வினாடி.

இரண்டு நாள் கழித்து பாரிஸில் பந்தயம் முடிந்தபோது ஆங்க்டிலுக்கு 5-வது பட்டம். சுமார் 4,500 கி.மீ. ஓட்டத்தில் வித்தியாசம் வெறும் 55 வினாடி. மொனாக்கோவில் போன அந்த ஒரு நிமிடத்தை ரசிகர்கள் மறக்கவே இல்லை.

அப்புறம் ஏன் புப்பு?

‘ஏழை விவசாயி மகன் என்பதால்’ என்று சொல்வார்கள். பாதி உண்மைதான். ஆங்க்டிலின் அப்பாவும் ஸ்ட்ராபெர்ரி பயிரிட்டவர்தானே! ஜெயித்த ஆங்க்டிலுக்கு விசிலடித்துக் கேலி செய்த கூட்டம், தோற்றவருக்குக் கை தட்டியது. ஆங்க்டிலை அது ரொம்பவே உறுத்தியது.

தோல்விக்காகப் பரிதாபப்பட்டார்கள் என்பதும் முழுசாகச் சரியில்லை. புலிடோர் தோற்கப் பிறந்தவர் இல்லை. 1961-ல் மிலான்-சான் ரெமோ, 1964-ல் ஸ்பெயின் சுற்று, 1972, 1973-ல் பாரிஸ்-நீஸ் எல்லாம் ஜெயித்தவர். அதுவும் 1972-ல் வீழ்த்தியது எடி மெர்க்ஸை! 1968-ல் மோட்டார் சைக்கிள் மோதி முகம் கிழிந்து பந்தயத்தை விட்டு வெளியேறினார். மறு வருடமே வந்து மூன்றாமிடம். 38 வயதில் மெர்க்ஸுக்கு அடுத்த இடம், 40 வயதில் மறுபடி மூன்றாமிடம். ஆங்க்டில் ஓய்வு பெற்றார், மெர்க்ஸின் காலமும் முடிய வந்தது. இவர் மட்டும் ஜூலை வந்தால் சைக்கிளோடு வந்து நின்றார். ஜனங்களுக்குப் பிடித்தது இதுதான் என்று தோன்றுகிறது.

ஓய்வுக்குப் பிறகும் ஒவ்வொரு டூரிலும் விளம்பரத் தூதராக வந்து கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். மேல் சட்டை என்ன நிறம் தெரியுமா? ஸ்பான்சர் கொடுத்த மஞ்சள்!

பல வருட இடைவெளிக்குப் பிறகு 2023 ஜூலையில் டூர் மறுபடி ப்யூய் டி டோம் ஏறியது. அன்றைய கட்டம் கிளம்பியது புலிடோர் வாழ்ந்த சென்-லெயோனார் ஊரிலிருந்து. ஓட்டியவர்களில் பேரன் மாத்யூவும் ஒருவர். சுற்றுச்சூழல் பாதுகாப்புக்காக மலையின் கடைசி 4 கி.மீ.க்கு ரசிகர்களை விடவில்லை. தாத்தா காலத்தில் லட்சக்கணக்கானோர் நின்ற பாதையில், அன்று சைக்கிள் சங்கிலிச் சத்தமும் மூச்சிரைப்பும்தான் கேட்டது.