“வேணும்” என்ற ஒரு சொல்

மனனஞ் செய்து ஒப்புவிக்கும் மாணாக்கனை வாசகர் யாவரும் கண்டிருப்பர். முதலாம் வினாவிலிருந்து வரிசையாய்க் கேட்டால் விடைகள் ஆற்றொழுக்காய் வரும். வரிசையை மாற்றிக் கேட்டாலோ கூரையைப் பார்ப்பான். நம் சைவசமய வகுப்புகளிலும் இக்காட்சிக்குக் குறைவில்லை. பொருளறியாது ஓதுவது சமயக் கல்வியாகுமா என்னும் ஐயம் எழும்போதெல்லாம், கத்தோலிக்க ஞானோபதேச வரலாற்றிலே நிகழ்ந்த ஒரு சிறு திருத்தம் நம் நினைவுக்கு வருகின்றது.

1542 ஆம் ஆண்டிலே முத்துக்குளித்துறைக்கு வந்த அர்ச். பிரான்சிஸ் சவேரியார் தமிழ் அறியார். இருமொழி தெரிந்தோர் சிலரைத் துணைக்கொண்டு ஜெபங்களைத் தமிழாக்கித் தாமும் மனனஞ் செய்தார். கையில் மணியேந்தி ஊரைச் சுற்றிச் சிறுவரைக் கூட்டி ஓதுவித்தார். ஆயின், விசுவாசப் பிரமாணத்திலே “விசுவசிக்கிறேன்” என்று வரவேண்டிய இடத்தில் “எனக்கு வேணும்” என்றே ஓதப்பட்டு வந்தது! 1544 இல், உடனூழியரான மன்சில்லாஸ் என்பவருக்கு எழுதிய கடிதத்திலே சவேரியார் இப்பிழையை எடுத்துக்காட்டித் திருத்தும்படி பணித்தார். கடவுளை வேண்டுவது வேறு, விசுவசிப்பது வேறன்றோ? கிறிஸ்துவின் பாடுகள் வலுக்கட்டாயத்தால் நேர்ந்தன என்று பொருள்படும் சொல்லொன்றையும் அக்கடிதத்திலேயே விலக்கினார். அவர் மனமுவந்து பாடுபட்டார் என்பதே திருச்சபையின் கொள்கை. ஒரு சொல் பிழைத்தால் அக்கொள்கையே பிழைத்துவிடும். தாம் கற்பித்ததிலே தாமே பிழை கண்டு கடிதம் எழுதும் ஆசிரியர் எத்தனை பேர்? நம்மையுஞ் சேர்த்தே கேட்கின்றோம்.

அவருக்குப் பின் வந்த என்றீக்கே என்றீக்கஸ் அடிகளார் தமிழை முறையாய்க் கற்று, போர்த்துக்கேய மொழியிலே தமிழிலக்கணமும் வகுத்தார். 1578 இல் கொல்லத்தில் அச்சான அவரது “தம்பிரான் வணக்கம்” 16 பக்கச் சிறுநூல். மறுவருடம் கொச்சியில் வெளிவந்த நூலோ, குருவும் சீடனும் உரையாடும் வினாவிடையாய் விரிந்தது. சீடன் கேட்டறிய வேண்டியவன் என்ற எண்ணம் அவ்வடிவத்திலேயே உண்டு. பிற்காலத்தில் ஆறுமுக நாவலர் சைவச் சிறுவருக்கு நூல் செய்தபோதும் வினாவிடை வடிவத்தையே கையாண்டார்.

எனினும் மனனத்தை நாம் இகழமாட்டோம். 1658 இல் யாழ்ப்பாணம் ஒல்லாந்தர் வசமாயிற்று. கத்தோலிக்கக் குருமார் வெளியேற்றப்பட்டனர். 1687 இல் யோசப் வாஸ் அடிகளார் மாறுவேடத்தில் வந்து, கழுத்திலே செபமாலை தொங்க வீடுவீடாய்த் திரிந்து மறைந்திருந்த விசுவாசிகளைத் தேடினார். இடைப்பட்ட 29 ஆண்டுகளிலே, குருவும் கோவிலும் இல்லாத அக்குடும்பங்களிடம் நெஞ்சிலிருந்த மந்திரங்களையன்றி வேறென்ன எஞ்சியிருக்கும்?

சென்ற தவணையில் மாணாக்கன் ஒருவன் தேவாரமொன்றைப் பிழையறப் பாடினான். பொருள் கேட்டோம். நெடுநேரம் நின்றான். “பொருள் தெரியாது, சேர். அம்மம்மா சொல்லித் தந்தவ” என்றான். அன்று வேறு பாடம் நடத்தவில்லை. அவன் பாடியதையே கரும்பலகையில் எழுதிச் சொற்சொல்லாய்ப் பிரித்தோம். மணியடித்தபோது இரண்டு அடிகள் மிச்சமிருந்தன. அவற்றின் பொருளை அம்மம்மாவிடமே கேட்டு வரும்படி சொல்லி அனுப்பினோம்.